இருக்குல்லா

அந்தக் குளிர்பெட்டி ஓடுகிற சத்தத்தை விட்டு வேறு எதிலும் வடிவுக்கு மனசு நிற்க மாட்டேன் என்றது. ம்ம்ம் என்று சீராக ஓடும், கடக் என்று ஒரு தரம் நிற்கும், இவள் மூச்சும் கூடவே நிற்கும், மறுபடி ம்ம்ம். கண்ணாடி மூடிக்குள்ளே ஆவுடைநாயகம் பெரிய மாமா நெற்றி நிறையத் திருநீறும் நாடிக்கட்டுமாக, எவனோ சொல்கிற பொய்யைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிற முகத்தோடு படுத்திருந்தார். உயிரோடு இருந்தபோதும் அதே முகம்தான். புருஷன் குற்றாலத்துக்குப் பெரியப்பா. அவன் அப்பா சின்ன வயசிலேயே போய்விட, கூட வைத்துப் படிக்கவைத்து, பரீட்சை எழுதவைத்து, மின்சார வாரிய வேலையில் போய் உட்காருகிற வரைக்கும் பின்னாலேயே நின்ற மனுஷன். சொந்தப் பிள்ளை என்று ஒன்று கிடையாது. சனம் பெட்டியைச் சுற்றிச் சமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தது. வடிவு மட்டும் சுவரோரம், இடது பக்கமாகவே சாய்ந்து, அது மரத்துப் போனதும் வலது பக்கத்துக்கு மாறி, அது குத்தியதும் மறுபடி இடது பக்கத்துக்கு வந்து. ஊசி போட்டுப் போட்டு ரெண்டு இடுப்பிலும் புளியங்கொட்டை புளியங்கொட்டையாகக் கட்டி. எதிர் வீட்டுச் சொர்ணத்தாச்சி ரொம்ப நேரமாக இதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்னட்டி ஒரு பக்கமாவே சாயுத என்று கேட்டேவிட்டாள். வாய்வு ஆச்சி என்றாள் வடிவு. வாய்வு என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள், வைத்தியம்தான் சொல்வார்கள். ஆச்சியும் பெருங்காயத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

வாய்வாம். கைப்பைக்குள்ளே பழைய துண்டில் சுற்றி அந்த எண்ணெய் ஊசிக் குப்பி கிடந்தது, விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போட வேண்டியது. தினமும் அந்த நேரம்தான், தப்பக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். காலையிலும் ராத்திரியும் உள்ளே வைக்கிற மெழுகு மாத்திரை வேறு, கர்ப்பப்பையைப் பூப்போல வைத்திருக்க விழுங்குகிற மாத்திரை வேறு. இன்றைக்குக் காலையில் இந்த வீட்டுக் கழிப்பறையில், வெளியே ஆள் நின்று கதவைத் தட்ட, சுவரைப் பிடித்துக்கொண்டு வைத்துக்கொண்டாள். அரைமணி நேரம் மல்லாக்கப் படுக்க வேண்டும். சாவு வீட்டில் வந்த மருமகள் எங்கே போய் மல்லாக்கப் படுப்பது. அது உருகி இறங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு ஈரத்துக்கும் நெஞ்சு திக்கென்றது. மெழுகுதான், மெழுகுதான். எழுந்து போய்ப் பார்க்கலாமா. பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அடுத்த ஈரம். மார் ரெண்டும் கல்லாகக் கனத்துக் கிடந்தன, காலையில் காப்பி வாசனைக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, ஊதுபத்திப் புகை இப்போது தொண்டையில் நின்று வதைக்கிறது. வேறு ஒருத்திக்கு இதெல்லாம் வந்தால் ஊரே சிரித்துக்கொண்டு மாங்காய் கொண்டுவந்து கொடுக்கும். இவளுக்கு வந்தால் அதற்கு அர்த்தம் கிடையாது. டாக்டரம்மா முதல் நாளே ஒளிக்காமல் சொல்லிவிட்டாள், உங்க உடம்பு சொல்றதை நம்பாதீங்கம்மா, எல்லாம் மருந்தோட வேலை, உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் மருந்து அது பாட்டுக்கு நடத்திக்கிட்டு இருக்கும், ரத்தப் பரிசோதனை ஒண்ணுதான் உண்மையைச் சொல்லும். அந்தப் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருந்தது. அதுவரைக்கும் தன் உடம்பே தனக்குப் பொய் சொல்லும். முன்னே ரெண்டு தடவை அப்படித்தான் குமட்டியது, அப்படித்தான் கனத்தது. ரெண்டு தடவையும் ஒன்றுமில்லை. முதல் தடவை ஆசைப்பட்டு அம்மாவிடம் சொன்னாள், அம்மா தங்கச்சியிடம், தங்கச்சி அவள் மாமியாரிடம். அதற்கப்புறம் விசாரிக்கிறவர்களுக்கு வாய் வலிக்க வலிக்கப் பதில் சொல்லவேண்டி வந்தது. இந்தத் தடவை ஈ காக்காய்க்குத் தெரியாது.

இதுதான் கடைசி. ஆஸ்பத்திரியில் கருவாக்கி எடுத்து வைத்ததில் மிச்சம் இருந்த ஒன்று. இனிமேல் எடுக்க அவளிடம் முட்டையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் காலையில் போன் வந்து, குற்றாலம் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே வந்து நின்று, பெரியப்பா போயிட்டாவ என்று சொன்னபோது, அவளுக்கு முதலில் அழுகை வரவில்லை. ஐயோ பாவி, இப்பவா என்று வந்தது. அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்குத் தன்மேல் ஆத்திரம். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ரெண்டு பேர் மனசிலும் ஒரே விஷயம். பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறவன் கொள்ளி வைக்கக் கூடாது, மொட்டை போடக் கூடாது, பாடைக்குத் தோள் கொடுக்கக் கூடாது. வயிற்றில் இருக்கிறதுக்கு ஆகாது. இது யார் எப்போது சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் தெரியாது, சோற்றில் உப்பு போடச் சொல்லிக் கொடுத்த மாதிரி அதுவும் கூடவே வந்தது. அதேபோல எனக்கு நீதாம்ல கொள்ளி என்று பெரிய மாமா நூறு தடவை அவனிடம் சொல்லியிருக்கிறார், சாப்பிடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, சிரித்துக்கொண்டே. காரில் பாதி தூரம் வந்த பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே அவன் கேட்டான்.

"நான் வைக்கலேன்னா யாரு வைப்பா?"

"இன்னும் ஒண்ணும் உறுதியாகலைலா," என்றாள் இவள். "நீங்க வையுங்க."

சொல்லி முடிக்கிறதுக்குள்ளேயே வயிற்றில் கை போய்விட்டது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாளே. அதன் காதில் விழுந்திருக்குமா. காது எங்கே இருக்கிறது அதற்கு, கண்ணுக்கே தெரியாத புள்ளி, உள்ளே வைத்த அன்றைக்கு ஸ்கேன் திரையில் வெள்ளையாக ஒரு மினுக்கு மினுக்கியது, அவ்வளவுதான். இருந்தாலும். தாய் வாயாலே இல்லை என்று சொன்னால் அது எதை நம்பி ஒட்டிக்கொண்டு இருக்கும். பைத்தியக்காரத்தனம். குற்றாலம் அவள் தலையில் ஒரு கையை வைத்து, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், முடிஞ்சதும் வந்துருவோம் என்றான். நம்பிக்கை இருக்கா உங்களுக்கு இதுல எல்லாம் என்று இவள் கேட்கவில்லை. கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் லைன்மேன்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிடுவதைப் பார்த்துச் சிரிக்கிறவன்தான். ஆனால் அவன் தாலி கட்டின பிறகு ஒரு நாளும் வடக்கே தலை வைத்துப் படுத்ததில்லை.

கடக் என்று பெட்டி நின்றது. நின்றதுதான், ஓடவில்லை. மின்விசிறியும் நின்றது. கரெண்டு போயிட்டு என்று ஒருத்தர் சொல்ல, எல்லாரும் குற்றாலத்தைத் தேடினார்கள், கரெண்டு என்றால் அவன்தான் குற்றவாளி என்கிற மாதிரி. அவன் வாசலில் இருந்து ஓடிவந்து, பெட்டிக்காரன் கொண்டுவந்த ஜெனரேட்டருக்கு வயரை மாற்றி, குனிந்து சத்தம் கேட்டு, கண்ணாடியில் கையை வைத்துக் குளிர் இருக்கிறதா என்று பார்த்தான். காலையிலிருந்து அதே வேலைதான் அவனுக்கு. அழவில்லை, பிளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ம்ம்ம். கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்து, பெரிய மாமாவின் முகத்துக்கு மேலே நீர் கோடு கோடாக வழிந்தது. வடிவு கருவை வைத்திருந்த அந்த ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தை நினைத்தாள், நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நினைத்தாள். பாளையங்கோட்டையில், ரெண்டாவது மாடியில், பால்கேன் மாதிரி ஒரு பாத்திரம். வெள்ளைக் கோட்டுப் பையன் மூடியைத் திறந்து காட்டினான், புகை மெள்ள வழிந்து தரையில் இறங்கியது. இதுக்குள்ளதான் மேடம் உங்க குழந்தைங்க தூங்குதுங்க என்றான் நல்ல மனசோடு. தூங்குதுங்க என்று சொல்லியிருக்க வேண்டாம். அத்தனை குளிரில் தூங்குகிறது என்று எதைச் சொல்வார்கள். ரெண்டு வருஷம் அந்தப் புகைக்குள்ளே கிடந்தது இது. மூச்சில்லாமல், வளராமல், சாகாமல். பிறகு உருக்கி எடுத்து இவளுக்குள்ளே வைத்தார்கள். இங்கே இவரைக் குளிருக்குள்ளே வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு கை தூரம்தான். அந்தப் பக்கம் போகிறதும் இந்தப் பக்கம் வருகிறதும் ஒரே குளிர் வழியாகத்தானா என்று ஒரு நினைப்பு வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. சீ, எழுந்து போ என்றாள் அதை. போகவில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று அடுக்களைப் பக்கம் திரும்பியபோது, பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குற்றாலம் குந்தி உட்கார்ந்திருந்தது தெரிந்தது. பெரிய மாமாவின் பெண்டாட்டி, பெரிய அத்தை, கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள், அவள் மடியில் அவன் தலை. அப்போதுதான் அழுகிறான், அழட்டும் என்று நினைத்தாள். அவன் என்னவோ சொல்ல, பெரிய அத்தை அவன் தலைமுடிக்குள்ளே விரலை விட்டுக்கொண்டு, சொல்லுவதைக் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

பிரமு பெரிய அத்தை. அவள் பெயரைச் சொல்லாமல் இந்தத் தெருவில் எந்த நல்ல காரியத்திலும் ஒரு பேச்சு நடந்ததில்லை, அவ வருவாளா, வந்தா எங்க நிப்பா என்று. வளைகாப்பு வீட்டில் அவளே ஒதுங்கிப் பின்னால் போய்க் கறிகாய் நறுக்கிக்கொண்டு இருப்பாள், நறுக்கிற வேலைதான் தனக்குப் பிடிக்கும் என்று சொல்லிக்கொள்வாள். வடிவுக்குக் கல்யாணமாகி நாலைந்து வருஷம் போன பிறகு ஒரு தடவை கூப்பிட்டு, பிள்ளைக்காகத் தான் பட்டதை, எந்தெந்தக் கோயில், எந்தெந்த மருந்து, வயிற்றைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று ஒருத்தி கொடுத்த வேப்பெண்ணெய், அத்தனையும் சொன்னாள். சொல்லிவிட்டு, நீ இதெல்லாம் செய்யாதட்டி, ஆஸ்பத்திரிக்குப் போ என்றாள். பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்காத ஒரே ஆள். வாசலில் புதுசாக ஒரு கூட்டம் வந்தது, கடையத்துச் சொந்தக்காரர்கள், வரும்போதே குரல் எடுத்து. வந்தவர்கள் ஒவ்வொருத்தராக வடிவையும் இழுத்துச் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். தலையோடு தலை மோத, மாரோடு மார் அழுத்த. வலி உயிரைப் பிடுங்கியது. அந்த வலியில்தான் அவளுக்குக் கண்ணீர் வந்தது, எல்லாரும் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தியின் முழங்கை அடிவயிற்றில் பட்டது. பட்டதா, இல்லை, சேலைதான். பட்டால் மட்டும் என்ன ஆகிவிடும், டாக்டரம்மா மாடிப்படி ஏறலாம் என்றாள், பஸ்ஸில் போகலாம் என்றாள், சாவு வீட்டில் கட்டிப்பிடித்து அழலாமா என்று கேட்க இவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைக வேணும்லா, யாரைப் பிடிக்கச் சொல்றது என்று ஒரு ஆண்குரல் கேட்டது. தெருப்பிள்ளைக ரெண்டைக் கூப்பிடுங்க என்று இன்னொரு குரல். பிள்ளையில்லாமல் போனவருக்கு இரவல் பேரன்கள். வடிவு கண்ணீரைத் துடைத்துக்கொண்டு இடது பக்கமாகச் சாய்ந்தாள்.

பெரிய அத்தையின் தம்பி பம்பாயிலிருந்து கோடிச் சேலையோடு வந்து இறங்கியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அவருக்காகத்தான் இத்தனை நேரம். இனி மளமளவென்று நடக்கும். சங்கு ஊதினார்கள். பந்தலில் பச்சை ஓலை கட்டினார்கள். நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்ட வேண்டும். கொள்ளி வைக்கிறவன் முன்னால் போக, பங்காளிகள் பின்னால் போக, ஆற்றங்கரையில் மொட்டை அடித்து, குடத்தில் தண்ணீர் எடுத்து, தலைக்கு மேலே வேட்டி பிடித்து வர வேண்டும். வா குற்றாலம், சட்டையைக் கழத்து என்றார் பெரியவர் ஒருத்தர். அவன் கழற்றினான். வேட்டியை ஏற்றிக் கட்டினான். வடிவு சன்னல் கம்பி வழியாகப் பார்த்தாள். இவளைப் பார்ப்பான், ஒரே ஒரு தரம் பார்ப்பான் என்று இருந்தாள். பார்க்கவில்லை. போகட்டும், சீக்கிரம் போய்விட்டு வரட்டும், நாம் ஒன்றும் செய்யவில்லை, இன்னும் எதுவும் உறுதியாகவில்லை, டாக்டரம்மாவே சொன்னாள், சட்டப்படி இன்னும் இல்லை, கோர்ட்டில் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்ல முடியும். கோர்ட்டா, என்ன கோர்ட்டு. யாரிடம் வாதாடிக்கொண்டிருக்கிறாள். சங்குச் சத்தத்துக்கு நடுவே, பெரிய அத்தை எழுந்து, யாரும் பிடிக்காமல், பந்தலுக்கு நடந்து போனாள். தாலி இன்னும் கழுத்தில் இருந்தது, நெற்றியில் குங்குமம் இருந்தது, மஞ்சள் பூசியிருந்தார்கள். அந்தக் கோலத்தில் அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"ஏல குத்தாலம், நில்லு," என்றாள்.

சங்கு நின்றது.

"அவன் போகப்பிடாது. அவன் பொண்டாட்டி முழுகாம இருக்கா."

எத்தனை தலை இருந்ததோ அத்தனையும் சன்னல் பக்கம் திரும்பின. பந்தலில் உட்கார்ந்திருந்த ஆண்கள், நேற்றுப் போட்ட கோலத்தை மிதித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள், சங்கு ஊதுகிறவன்கூட. வடிவுக்குக் காது அடைத்துக்கொண்டது. சொல்லிவிட்டான். மடியில் தலையை வைத்து அழுதது இதைச் சொல்லத்தான். என் தலையில் கை வைத்தவன். கோபம் வரவேண்டும், வரும் என்று காத்திருந்தாள், அதற்குப் பதில் அடிவயிற்றிலிருந்து ஒரு குளிர்தான் ஏறி வந்தது. குற்றாலம் வெற்று மார்போடு நின்றான், குனிந்து கழற்றிய சட்டையை எடுத்தான், போடத் தெரியாதவன் மாதிரி கையில் வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பயம். அவனுக்கும் அத்தனை பயம் இருந்திருக்கிறது, இத்தனை நாளும் ஊசியைத் தட்டிக் காற்றை வெளியேற்றும்போது சீட்டியடித்துக்கொண்டிருந்தவனுக்கு. கண்ணு படுமே, கண்ணு படுமே, ஒருத்தர் ரெண்டு பேரா என்று இவளுக்கு ஓடியது. அப்ப சரி, தெற்குத் தெருப் பங்காளி நெல்லையப்பன் வைக்கட்டும் என்றார் பெரியவர், ஏதோ பஸ்ஸை மாற்றிவிடுகிற மாதிரி. நெல்லையப்பனோடு பெரிய மாமாவுக்கு முகம் கொடுத்துப் பேச்சு கிடையாது. யாரும் அதை ஞாபகப்படுத்தவில்லை. எல்லாருக்கும் அதற்குள் வேறு சந்தோஷம் வந்துவிட்டது. சொர்ணத்தாச்சிதான் முதலில் கையைப் பிடித்தாள், வாய்வுன்னு சொன்னியேட்டி கள்ளி என்று. பிறகு இன்னொரு கை, இன்னொரு கை. எத்தனை நாளாச்சு, எந்த மாசம், வாந்தி இருக்கா. சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். வடிவு இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. இப்போது இல்லை என்று சொன்னால் அது ரெண்டாவது தடவை. காலையில் ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. ஆமாம் என்று சொன்னால் எந்த வாயால் பிறகு. தலையை மட்டும் ஆட்டினாள், ஆட்டியது எந்தப் பக்கம் என்று அவளுக்கே தெரியாது.

பெரிய அத்தை உள்ளே வந்து பெட்டியின் கண்ணாடியில் கையை ஊன்றிக் கன்னத்தை வைத்துக்கொண்டாள். கேட்டியளா, நம்ம வீட்டுல ஒண்ணு வருது, இத்தனை வருசம் கழிச்சு ஒண்ணு வருது என்று அவரிடம் சொன்னாள். காலையிலிருந்து அழுத குரல் இல்லை அது, புதுக்கல்யாணப் பெண் பேசுகிற குரல். பந்தம் பிடிக்கத்தான் நேரத்துக்கு வரலை என்று சொல்லிச் சிரித்தாள், சிரிப்பு உடைந்து அழுகையானது. பெட்டியைத் திறந்தார்கள். குளிர் புகையாக வெளியே வந்து தரையில் இறங்கி, சமுக்காளத்தில் பரவி, வடிவின் கால்விரலைத் தொட்டது. காலை இழுத்துக்கொண்டாள். பெரிய அத்தை திரும்பி வந்து, அவள் அடிவயிற்றில், சேலைக்கு மேலே, உள்ளங்கையை வைத்தாள். கண்ணாடியில் வைத்திருந்த கை, சில்லென்று இருந்தது.

"போனவியதாம்ட்டி வாறாவ," என்றாள். "அவியளேதான். அவிய பேரைத்தான் வைக்கணும், ஆமா."

வேண்டாம் என்று கத்த வேண்டும் போல இருந்தது வடிவுக்கு. அவர் வர வேண்டாம், யாரும் வர வேண்டாம், அது அதுவாக வரட்டும், பேர் இல்லாமல், முகம் இல்லாமல், யாருக்கும் பதிலாக இல்லாமல். நல்ல மனுஷன்தான், கும்பிடலாம், ஆனால் நாடியைக் கட்டி நெற்றியில் காசு வைத்த அந்த முகத்தோடு எனக்குள்ளே வேண்டாம். சரி அத்தை என்று சொன்னாள். அந்த நேரத்தில்தான் ஈரம் இறங்கியது, மெள்ள, வெதுவெதுப்பாக. மெழுகுதான். மெழுகு வெதுவெதுப்பாக இருக்குமா. உடம்புச் சூட்டில் உருகினது வெதுவெதுப்பாகத்தானே இருக்கும். இத்தனை நாள் எப்படி இருந்தது, ஞாபகம் இல்லை, எத்தனை தடவை பார்த்தும் ஞாபகம் இல்லை. எழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள், எங்கே போகுத, பைய எந்திரி, யாராவது கூடப் போங்க என்பார்கள். உட்கார்ந்தே இருந்தாள். தெருப்பிள்ளைகள் நெய்ப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தார்கள், ஒரு பிள்ளைக்குப் பந்தம் சுட்டுவிட்டது, அது கையை உதறிக்கொண்டே சுற்றியது. பிறகு தூக்கினார்கள். நெல்லையப்பன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் போனான். குற்றாலம் தெரு முக்கு வரைக்கும்கூடப் போகவில்லை, போகக் கூடாது, வாசல்படியில் நின்றான். தலை நிறைய முடி. காலையில் எண்ணெய் வைத்துச் சீவின முடி. ஊர் முழுக்க இனி அந்த முடியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும், வாயைத் திறந்து யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதே இல்லை.

பொணம் போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெண்கள் ஒவ்வொருத்தராகத் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்தார்கள். வடிவுக்கென்று வெந்நீர் போட்டு வைத்திருந்தது, பச்சைத்தண்ணி ஊத்தாதட்டி என்று சொர்ணத்தாச்சியின் உத்தரவு. குளியலறைக் கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டு, கொண்டி சரியாக விழுந்திருக்கிறதா என்று ரெண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். பல்பு மங்கலாக எரிந்தது. பார்க்காமலே குளித்துவிடலாம், கழுவிவிட்டால் போயிற்று, பார்க்காதவரைக்கும் மெழுகுதான். வாளித் தண்ணீரில் ஆவி எழும்பியது. பார்த்தாள். மெழுகுதான், வெள்ளையாக, தினமும் போல. அதற்கு நடுவில் ஒரு கடுகளவு. காப்பிப்பொடி நிறம். பல்பை மறைக்காமல் தள்ளி நின்று பார்த்தாள். சிவப்பு இல்லை. காப்பிப்பொடிதான். இப்படிப் பட்டாலும் பயந்து மருந்தை நிறுத்திராதீங்க, ஒட்டும்போதும் அப்படி வரலாம், விட்டுப் போகும்போதும் வரலாம், ரெண்டுக்கும் ஒரே நிறம்தான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். போன தடவையும் முதலில் கடுகளவுதான். அதற்கு முந்தின தடவை ஒன்றுமே வராமல், பரிசோதனையில் இல்லை என்று வந்தது. அப்போ இது நல்லதா. போன தடவை அடுத்த நாள். இல்லை, அதற்கடுத்த நாள். அவன் சட்டையைக் கழற்றியதாலா. திரும்பப் போட்டுவிட்டானே. வைக்க வேண்டியவன் வைக்காமல் விட்டதற்கு அவர் கோபித்துக்கொண்டாரா, இல்லை நான் காலையில் சொன்ன அந்த ஒரு சொல்லா. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அழுது தீர்க்கலாம், ஒன்றும் கையில் நிற்க மாட்டேன் என்றது. வெளியே பெரிய அத்தை, மெள்ள வாட்டி, வழுக்கும் என்று குரல் கொடுத்தாள். வழுக்காது அத்தை என்றாள். துணியைச் சுருட்டிக் கைப்பைக்குள்ளே ஊசிக் குப்பிக்கு அடியில் அமுக்கினாள். பிறகு வெந்நீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள்.

பெரிய மாமா படிக்கிற அறையில்தான் குற்றாலம் காத்துக்கொண்டிருந்தான். விளக்கு வைக்கிற நேரம். எண்ணெய் கட்டியாக இருக்கும் என்று எப்போதும்போலக் குப்பியை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டிச் சூடாக்கினான். சீட்டியடிக்கவில்லை. நான் சொல்லியிருக்கக் கூடாது என்றான், குனிந்தபடியே. என்னால முடியலட்டி, சட்டியக் கையில வாங்குறதை நினைச்சா உன் வயிறுதான் கண்ணுல வருது, பெரியப்பாவை நான் விட்டுட்டேன், அவிய கேட்டது ஒண்ணே ஒண்ணு, அதை விட்டுட்டேன். இவள் அவன் தலையில் கை வைத்தாள். முடி ஈரமாக இருந்தது, அவனும் குளித்திருந்தான். இந்த முடிக்கு இன்றைக்கு ஒரு விலை கொடுத்துவிட்டு வந்திருக்கிறான், வாழ்நாள் பூராவும் கொடுத்துக்கொண்டே இருப்பான். கட்டி இல்லாத இடமாகப் பார்த்து இடுப்பைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். பஞ்சால் துடைத்தான், சில்லென்றது. ஊசி வரவில்லை.

"வடிவு, இருக்குல்லா?" என்றான்.

கைப்பை அவன் காலடியில் கிடந்தது. சுவரில் பெரிய மாமாவின் காலண்டர், அவர் கிழித்த தேதியோடு நின்றது.

"இருக்கு," என்றாள். "குத்துங்க."

ஊசி இறங்கியது. எண்ணெய் மெள்ள, நோவோடு, உள்ளே போய்க்கொண்டிருந்தது. அடுக்களையில் பெரிய அத்தை யாருக்கோ ஆவுடைநாயகம் என்கிற பெயரைப் பெண் பிள்ளைக்கு எப்படி மாற்றி வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கழுவிவிட்ட கூடத்தில் அந்தப் பெட்டி, உள்ளே யாரும் இல்லாமல், மூடியை மூடிக்கொண்டு, ம்ம்ம் என்று இன்னும் குளிர்ந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அதை நிறுத்தத் தோன்றவில்லை.